அக்கரை கிட்டாரும் நம் ரசனையும்

சிட்னியில் 1964இல் சில இளைஞர்கள் சேர்ந்து 'தி மிஸ்ஸிங் லிங்க்ஸ்' என்றொரு குழுவைத் தொடங்கினார்கள். 1965இல் ஒரு முழுநீள இசைத்தட்டு. 1966இல் குழு கலைந்துவிட்டது. ஆனால் பிரிஸ்பேனின் 'தி செயின்ட்ஸ்' 1977இல் வெளியிட்ட தன் முதல் தொகுப்பில் அவர்களுடைய பாடலொன்றை எடுத்துப் பாடியது. கார்க் கொட்டகையில் நின்று மூன்று சுரக்கோவைகளை முரட்டுத்தனமாக மீட்டும் இவ்வகை இசைக்கு 'காரேஜ் ராக்' என்று பெயர். இரண்டே வருடம் இருந்த குழுவுக்கும் அங்கே வரலாறு உண்டு. நம் சிற்றிதழ் நண்பர்களில் சிலர் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. நித்தி கனகரத்தினத்தைப் பற்றி நீங்கள் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?

பரமக்குடிக்கு அருகே நயினார்கோவிலில் இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் கடல். எங்கள் பக்கத்துத் தேநீர்க்கடைகளில் ஒலித்தது இலங்கை வானொலி. 1952இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கடிவாளம் போட்டதிலிருந்தே நேயர்கள் அக்கரைப் பக்கம் முள்ளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். திரைப்பாடலுக்காகத் திருப்பியவர்களின் காதில் எழுபதுகளில் வேறொன்றும் விழுந்தது. அதுதான் ஈழத்துப் பொப் இசை.

யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகிய பாடல்களைப் பாடினார். சினிமா இல்லை, கதாநாயகன் இல்லை. ஒரு கிட்டார், பைலாவின் துள்ளும் தாளம், யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பேச்சு, அவ்வளவுதான். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல்கடக்கச் செய்தார். மீன் கொண்டுவந்திருக்கிறோம் என்று கூவும் அந்தச் சிங்களப் பாட்டைப் பொருள் தெரியாமலே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடித் திரிந்தார்கள். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் அது இடம்பெற்றதும், தமிழ்நாட்டில் பலருக்கு அது சினிமாப் பாட்டாகவே ஆகிப்போனது. திரைக்கு வெளியே பிறந்த ஒன்றைத் திரை விழுங்கிய பிறகே நாம் அங்கீகரிக்கிறோம். இதை ரசனை என்று எப்படிச் சொல்வது?

'இவை வெறும் கேளிக்கைப் பாட்டுகள். கள்ளும் மாமியும் தவிர என்ன இருக்கிறது?' என்பார்கள். சிட்னிக் கொட்டகையில் மட்டும் வேதாந்தமா ஒலித்தது? 'கலப்படம்' என்பார்கள். ஆம், கலப்புதான். போர்ச்சுக்கீசியரும் ஆப்பிரிக்கரும் சிங்களரும் தமிழரும் கலந்த கடற்கரையின் இசை அது. வாய்பேசாத இசுலாமியப் பெண்ணொருத்தி இறைவனை 'நயினார்' என அழைத்ததால் பெயர் பெற்றதென்று சொல்லப்படும் ஊர்க்காரனிடம் தூய்மைவாதம் பேசிப் பயனில்லை.

என் கோபம் ரசனை வேறுபாட்டைப் பற்றியது மட்டுமன்று. சினிமாவின் தயவின்றி, தம் வட்டார மொழியிலேயே தமிழர்கள் நவீன வெகுசன இசை ஒன்றை உருவாக்க முடியும் என்பதற்கு இவர்கள் சாட்சி. இன்று 'சுயாதீன இசை' என்று கொண்டாடுகிறவர்கள் தமக்கு முன்னோர் இல்லையென நம்புகிறார்கள். நம்பவைத்தது நம் மௌனம்.

மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தை நினைவுகூர்ந்தார்கள். பட்டம் வரலாறு ஆகாது. எந்தத் தட்டு எந்த ஆண்டில் வந்தது, கிட்டார் வாசித்தவர் யார், டிரம்ஸ் அடித்தவர் யார் என்று எழுதிவைப்பதே வரலாறு. நித்தி கனகரத்தினம் குடியேறியதும் அதே ஆஸ்திரேலியாவில்தான். அங்குள்ள கொட்டகைகளின் கதை தெரிந்த நண்பர்களே, இந்தக் கதையையும் கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள். கேட்டவர்களும் வாசித்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே எழுதுங்கள்.