விட்டதைப் பிடிக்கும் வெறி

போக்கர் மேஜையில் ஒருவர் கையில் இரண்டு ஏஸ்களும் எதிராளி கையில் இரண்டு ராஜாக்களும் இருந்து, பொதுச் சீட்டுகளை விரிப்பதற்கு முன்பே இருவரும் தம் பணம் முழுவதையும் பந்தயத்தில் வைத்துவிட்டால், ஏஸ் உடையவர் ஜெயிப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 82 என்கிறது கணிதம். மீதிச் சமயங்களில் அவர் தோற்கத்தான் வேண்டும். அடுத்தடுத்து இரு முறை தோற்பதுகூட சுமார் முப்பதில் ஒரு தடவை நடக்கக்கூடிய சம்பவமே. ஆனால் அந்த ஒரு தடவை தம் தலையில் வந்து விடியும்போது, இந்தக் கணக்கையெல்லாம் அறிந்த மனிதரும், இன்று யார் முகத்தில் விழித்தோமோ என்று நொந்துகொண்டு, இவ்வளவு நேரம் வராத நல்ல சீட்டு இனி வந்தே தீரும் என்ற பிரமையில் பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறார். கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டுக்கு ஞாபகசக்தி கிடையாது. சென்ற ஆட்டத்தில் இழைத்த அநீதிக்குப் பரிகாரம் செய்யும் கடமையும் அதற்கு இல்லை.

துரதிர்ஷ்டம் பறித்துக்கொள்வதைவிட, விட்டதைப் பிடிக்கும் வெறி பறித்துக்கொள்வதே அதிகம் என்பது என் அபிப்பிராயம். திறமை மட்டும் இதற்கு மருந்தாகாது. லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் போட்டியின் பிரதான ஆட்டத்தில் 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடிய ஸ்டூ அங்கர், சீட்டாட்டத்தில் அசாதாரண மேதை; கடைசி வெற்றிக்குக் கிடைத்த பரிசு பத்து லட்சம் டாலர். சீட்டில் சம்பாதித்ததைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் விட்டு, போதைப் பழக்கத்துக்கும் ஆட்பட்ட அவர், மறு ஆண்டு நவம்பரில் அதே ஊரின் விடுதி அறையொன்றில், 45 வயதில், பிணமாகக் கிடந்தார்.

தொடர்ந்து தோற்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியது, அப்போது தெரிந்த விவரங்களைக் கொண்டு தாம் செய்த தீர்மானம் சரிதானா என்பதே. அதையும் மேஜையிலிருந்து எழுந்து, மனம் ஆறிய பிறகே கேட்க வேண்டும். தீர்மானங்கள் சரியாகவே இருந்தாலும், நாளடைவில் அதிர்ஷ்டம் சமனாகிவிடும் என்ற ஆறுதலை நம்பி உட்கார்ந்திருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சூதாட்ட விடுதிக்காரர், ஜெயித்தவர் யாராயினும், பந்தயப் பணத்திலிருந்தோ இருக்கைக்கு இவ்வளவு என்றோ தம் பங்கை எடுத்துக்கொண்டே இருப்பதால், சம திறமையுள்ளவர்கள் ஆடும் மேஜையில், அதிர்ஷ்டம் சமனான பின்பும் எல்லோருக்கும் நஷ்டமே மிஞ்சும்.