ஜாடிக்கு ரெண்டு காது!

மாமல்லபுரம் போனா என்ன பண்ணுவீங்க? கடற்கரைக் கோயில், வெண்ணெய் உருண்டைப் பாறை, நாலு போட்டோ, ஒரு தட்டு பஜ்ஜி, அப்புறம் செங்கல்பட்டு பஸ். அடுத்த தடவை வண்டியைத் தெற்கே விடுங்க. கல்பாக்கம் தாண்டினா, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம்னு ஒரு ஊர்.

1970-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது உறைகிணறுகளோடு ‘ஆம்போரா’ ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. மேற்கே ரோமாபுரிக் காலத்தில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் கப்பலேறிய ஜாடி அது. பெயர் மட்டும் கிரேக்கம்.

பெயரைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போமா? ‘ஆம்ஃபி’ன்னா இரண்டு பக்கமும். ‘ஃபெரோ’ன்னா சுமக்கிறேன். இரண்டு காதையும் பிடிச்சுத் தூக்குவது என்பதால் ‘ஆம்ஃபிஃபொரெயுஸ்’. ஹோமரிடம் இந்த முழுப் பெயரே இருக்கு. ‘ஃபெர்’ எப்படி ‘ஃபொர்’ ஆச்சு? நம்ம ‘கெடு’ என்ற வினை ‘கேடு’ என்று பெயராகலையா, அந்த மாதிரிதான்! சம்ஸ்கிருதத்தில் இதே வேர் ‘பர்’. அங்கேயிருந்து வந்ததுதான் நாம தினமும் சொல்லும் ‘பாரம்’.

‘ஃபி’, ‘ஃபொ’ன்னு ஒரே மாதிரி ஒலி அடுத்தடுத்து வந்தா நாக்கு சும்மா விடுமா? ஒண்ணை முழுங்கி ‘ஆம்ஃபொரெயுஸ்’ ஆக்கிடுச்சு. நம்ம ஊரே இப்படித்தானே! செங்கழுநீர்ப்பட்டுதான் செங்கல்பட்டு ஆச்சுன்னு சொல்வாங்க. தமிழ் ஐயா ‘மரூஉ’ன்னு நடத்தினாரே, ஞாபகம் இருக்கா? இன்னொரு கூத்து: கிரேக்கத்தில் இந்த ஜாடி ஆண்பால். லத்தீனுக்குப் போய் ‘ஆம்ஃபொரா’ ஆனதும் பெண்பால். நம்மகிட்ட வந்தா அஃறிணை!

‘இதெல்லாம் எதுக்கு பாஸ்?’னு கேட்கிறீங்களா? இந்தியாவில் கிடைத்து ‘ஆம்போரா’ன்னு பெயர் வாங்கிய ஓடுகளில் பல, ரோமாபுரிச் சரக்கே இல்லை, மெசபடோமியாவின் ‘டார்பிடோ’ ஜாடிகள்னு 2007-ல் எழுதினார் ஆய்வாளர் ராபர்ட்டா டாம்பர். அந்த ஜாடிக்கு உள்ளே தார் பூச்சு உண்டு, காது கிடையாது. காதே இல்லாத ஜாடிக்கு ‘ரெண்டு காது’ன்னு பேர்! பேர் தப்பினா வியாபாரியின் ஊர் தப்பும், கப்பல் வந்த வழி தப்பும், வரலாறே தப்பும்.

அதனால கடலோரத்தில் பழைய ஓடு கண்ணில் பட்டா, பையில் போட்டுக்காதீங்க. கிடந்த இடத்தோட போட்டோ எடுத்து தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: காது இருக்கா?

இலக்கணம் மார்க்குக்கு மட்டும்னு இனிமே சொல்வீங்க?