துப்பாக்கி பிடித்த கை தராசு பிடிக்க வேண்டாமா?

நாடு காக்க வா என்றார்கள், வந்தான் இளைஞன். நான்காண்டு ஆயிற்று, போய் வா என்பார்கள், போவான். எங்கே போவான்?

2022 ஜூனில் இந்தியப் பேரரசு அறிவித்த அக்னிபாத் திட்டம் எழுப்பும் கேள்வி இது. நான்காண்டு முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரைதான் படையில் நீடிப்பர். மற்றவர்க்கு ஓய்வூதியம் இல்லை. சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம் ரூபாய் உண்டு. 2022 இறுதியில் நுழைந்த முதல் அணியினருக்கு 2026 இறுதியில் கெடு!

பணம்தான் இருக்கிறதே, கடை வைக்கட்டும் என்பர் சிலர். முதல் மட்டும் போதுமா? சரக்கு வாங்குவது எங்கே, கணக்கு எழுதுவது எப்படி, கடன் பாக்கியை வசூலிப்பது எப்படி? எந்த அணிவகுப்பில் இவற்றைக் கற்றான்?

அமெரிக்காவைப் பாருங்கள். 1932-இல், முதல் உலகப்போர் வீரர்கள் ஊக்கத்தொகை கேட்டு வாஷிங்டனில் திரண்டபோது, படையை ஏவி விரட்டினர். வெட்கக்கேடு! ஆனால், 1944-இல் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சட்டம் படிப்பும் தொழிற்பயிற்சியும் தந்தது. தொழில் தொடங்க வாங்கும் கடனில் பாதிக்கு, 2000 டாலர் வரை, அரசே பிணை நின்றது. சுமார் 78 லட்சம் பேர் கல்வியும் பயிற்சியும் பெற்றனர்.

இங்கோ, முன்னாள் வீரன் என்றால் வங்கி வாசலில் காவல் நிற்பவன் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். உள்ளே சென்று கடன் கேட்க அவனுக்கு உரிமையில்லையா?

கடைசி ஆண்டிலேயே தொழில் கற்பியுங்கள். கடனுக்குப் பிணை நில்லுங்கள். வழியனுப்பு விழாவும் மாலையும் பிறகு இருக்கட்டும். வாழ வழி முதலில் வேண்டும்!