நிச்சயமில்லாத தரிசனம்

காசு கொடுத்துவிட்டால் காரியம் நடந்தே தீர வேண்டும் என்பது இக்காலத்துப் பிரயாணிகளின் தர்மம். மலைக்குப் போனால் சூரியோதயம் தெரிந்தாக வேண்டும். காட்டுக்குப் போனால் புலி எதிரே வந்து நின்றாக வேண்டும். வராத புலியின் மீது வழக்குத் தொடுக்க வழியுண்டா என்று யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வாரம் நாம் சொல்லப் போகும் பிரயாணம் அத்தகையோருக்கு ஏற்றதல்ல. உலகத்து மீன்களில் எல்லாம் பெரிய மீனை, அது வாழும் சமுத்திரத்திலேயே போய்ப் பார்த்து வரும் பிரயாணம் இது. பள்ளி விடுமுறையில் குழந்தைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று யோசிக்கும் பெற்றோர், கொஞ்சம் பொறுமையும் உடையவர்களாயிருந்தால், மேலே வாசிக்கலாம்.

இந்த மீனுக்குத் திமிங்கிலச் சுறா என்று பெயர். பெயரைக் கேட்டு இரண்டு விதமாகவும் பயப்பட வேண்டாம். இது திமிங்கிலமல்ல, செவுளால் சுவாசிக்கும் மீன்தான். சுறா என்பது உண்மை. ஆனால் யாரையும் கடிக்கும் சுறாவல்ல. 1828-ஆம் வருஷம் தென்னாப்பிரிக்காவில் டேபிள் பே என்னும் வளைகுடாவில் பிடிபட்ட ஒரு சுறாவைப் பார்த்து ஆண்ட்ரூ ஸ்மித் என்ற மருத்துவர்தான் முதன்முதலில் இதைப் பற்றி சாஸ்திர முறையில் எழுதி வைத்தார். அவர் பார்த்தது பதினைந்து அடி நீளம். அது இந்த ஜாதியில் சிறு பிள்ளை. அளந்து பார்த்தவற்றுள் பெரியது 18 மீட்டருக்கும் அதிகம். அதாவது சுமார் அறுபது அடி. வாய் மட்டுமே நாலைந்து அடி அகலம். அதற்குள் சுமார் மூவாயிரம் பற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் அரிசியளவுதான். அவற்றால் மெல்லுவதும் இல்லை, கடிப்பதும் இல்லை. வாயைத் திறந்து கடல் நீரை உள்ளே விட்டு, செவுளில் உள்ள சல்லடையால் வடிகட்டி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் மீன் முட்டைகளையும் சின்னஞ்சிறு இறாலையும் விழுங்குகிறது. இவ்வளவு பெரிய தேகத்தை இவ்வளவு சிறிய ஆகாரத்தால் வளர்ப்பது ஆச்சரியமே.

அதன் முதுகைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கரு நீல நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் இறைந்து கிடக்கும். ஒரு சுறாவின் புள்ளிகளைப் போல் மற்றொன்றுக்கு இராது. நம் கைரேகையைப் போன்றது அது. வானத்துப் புகைப்படங்களில் நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட்டு அடையாளம் காண வானசாஸ்திரிகள் வைத்திருந்த கணக்கு முறையையே எடுத்து, 2005-ஆம் வருஷம் இந்தப் புள்ளிகளை ஒப்பிடுவதற்கு மாற்றி அமைத்தார்கள். இப்போது சாதாரணப் பிரயாணி ஒருவர் எடுக்கும் படமும் ஆராய்ச்சிக்கு உபயோகப்படுகிறது. இடது பக்கம், செவுளுக்குப் பின்புறம் உள்ள பகுதி தெளிவாக விழுந்திருந்தால் போதும்; அதே சுறாவை வேறு வருஷம், வேறு கடலில் யாரேனும் பார்த்திருக்கிறார்களா என்று சொல்லிவிடலாம்.

எங்கே போய்ப் பார்ப்பது? இந்த மீன் உஷ்ணப் பிரதேசக் கடல்களெங்கும் சஞ்சரிப்பது. ஆனால் குறித்த இடங்களில் குறித்த மாதங்களில்தான் கூடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் நிங்கலூ என்னும் பவளப் பாறைத் தொடரில் மார்ச்சு முதல் ஜூலை வரை. மெக்சிகோ தேசத்தின் கிழக்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை. நமக்கு அண்டையிலுள்ள மாலத் தீவுகளில் தெற்கு ஆரி வட்டத் தீவுக் கூட்டத்தில் ஆண்டு முழுவதும். ஆகாரம் எங்கே திரளுகிறதோ அங்கே மீன் வருகிறது. நிங்கலூவில் பவளப் பூச்சிகள் முட்டையிடும் பருவமும் சுறா வரும் பருவமும் ஒன்றையொன்று தொட்டு வருவது இதனால்தான்.

இவற்றுள் பிலிப்பைன்ஸ் தீவுகளை எடுத்துக் கொள்வோம். காரணம் உண்டு. அந்த ஒரே தேசத்தில் இந்த மீனைப் பார்க்க இரண்டு பெயர் பெற்ற ஊர்கள் இருக்கின்றன. இரண்டில் எதற்குப் போவது என்ற கேள்வியில்தான் இந்தப் பிரயாணத்தின் சாரமெல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலாவது ஊர் டொன்சோல். லூசோன் தீவின் தென்கிழக்கே, ஸோர்ஸோகோன் மாகாணத்தில் உள்ள மீனவர் ஊர். அங்குள்ளவர்கள் இம்மீனை 'புட்டாண்டிங்' என்பார்கள். 1998-ஆம் வருஷம் ஆரம்பத்தில், நீர்மூழ்கும் பழக்கமுள்ள சிலர் அந்தக் கடலில் சுறாக்களைப் படம் பிடித்தார்கள். செய்தி பரவிற்று. கூடவே வேட்டைக்காரர்களும் வந்து விடுவார்கள் என்ற பயமும் பரவிற்று. அதே வருஷம் அந்நாட்டு அரசாங்கம் திமிங்கிலச் சுறாவைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. ஊராரும் வேட்டைக்குப் பதிலாக விருந்தாளிகளை ஏற்றுக் கொண்டார்கள். இங்கே சுறாவுக்கு யாரும் தீனி போடுவதில்லை. அது வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. சில வருஷங்களில் ஏராளமாக வந்திருக்கிறது. சில வருஷங்களில் வந்தவர்கள் ஏமாந்து போயிருக்கிறார்கள்.

இரண்டாவது ஊர் ஓஸ்லோப். ஸெபு தீவின் தெற்குக் கோடியில் இருக்கிறது. இங்கே 2011-ஆம் வருஷம் முதல் மீனவர்கள் தினந்தோறும் காலையில் சின்ன இறாலைத் தூவிச் சுறாக்களை வரவழைக்கிறார்கள். அநேகமாக எந்த நாளிலும் பார்க்கலாம். கரையிலிருந்து கூப்பிடு தூரம். அரை மணி நேரத்தில் பார்த்துப் படம் எடுத்துக் கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி விடலாம். வருஷந்தோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் போவதில் ஆச்சரியம் என்ன?

ஓஸ்லோப் மீனவர்களை நாம் குறை சொல்லப் போவதில்லை. நாளெல்லாம் வலை வீசியும் அரை வயிற்றுக்குக் கிடைக்காதவர்கள், தங்கள் குழந்தைகளைப் படிக்க வைத்து, கூரை வீட்டைக் காரை வீடாகக் கட்டிக் கொண்டது இந்தத் தொழிலால்தான். இம்மீனைக் கொல்லாமலே ஜீவனம் நடத்தலாம் என்று ஊரே அறிந்து கொண்டதும் சாமான்ய விஷயமல்ல. தூரத்திலிருந்து உபதேசம் செய்வது எளிது. அடுப்பு எரிய வேண்டியது அவர்கள் வீட்டில்.

ஆயினும் ஆராய்ச்சியாளர்கள் பல வருஷங்களாக அங்கே தங்கிப் பார்த்து எழுதியிருப்பவற்றையும் கேட்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போக வேண்டிய சுறாக்களில் சில மாதக்கணக்கில் அங்கேயே தங்கி விடுகின்றன. படகு என்றால் தீனி என்று கற்றுக் கொண்டு, படகைத் தேடியே வருகின்றன. அவற்றின் உடம்பில் படகு உரசிய தழும்புகளும், விசைப் படகின் சுழல் விசிறி வெட்டிய காயங்களும் காணப்படுகின்றன. பக்கத்திலுள்ள பவளப் பாறைகளும் சீர்குலைந்திருக்கின்றன. இந்த மீன் ஒரே கடலில் இருப்பதல்ல. நெடுந்தூரம் யாத்திரை செய்வது. ஓஸ்லோப்பில் படகு சிநேகிதனாக இருக்கலாம். வேறொரு கடலில் அதே படகில் ஈட்டியுடன் ஒருவன் நிற்கலாம். அல்லது கண் தெரியாமல் ஒரு பெருங்கப்பல் வரலாம். கப்பல்கள் மோதி இம்மீன்கள் பெருந்தொகையாக மடிகின்றன என்பதற்கு 2022-ஆம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சி வலுவான ஆதாரம் காட்டியிருக்கிறது. 2016 முதல் இது அழிவின் ஆபத்தில் உள்ள ஜாதியாகக் குறிக்கப்பட்டுள்ளது. இருபத்தைந்து முப்பது வயதுக்கு மேல்தான் இனம் பெருக்கும் பருவம் அடைகிற ஜீவன், ஒன்று போனால் அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை ஆகும்.

ஆகையால் டொன்சோலுக்குப் போங்கள் என்பதே நம் அபிப்பிராயம். இனி ஏற்பாடுகளைச் சொல்வோம்.

நவம்பரிலிருந்து ஜூன் வரை சுறா வரும் பருவம். பிப்ரவரி முதல் மே வரை உத்தமம். நம் கோடை விடுமுறையின் முற்பகுதி இதற்குப் பொருந்தும். ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில் அந்த தேசமே பிரயாணம் கிளம்பிவிடும். அதைத் தவிர்ப்பது நல்லது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக மணிலா சேரலாம். மணிலாவிலிருந்து ஆகாய விமானத்தில் ஒரு மணி நேரத்தில் லெகாஸ்பி நகருக்குப் பக்கத்திலுள்ள விமான நிலையம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் டொன்சோல். வழியெல்லாம் மேயோன் எரிமலை, குவித்து வைத்த நெல்லம்பாரம் போலக் கூம்பாகக் கூடவே வரும்.

ஊர் சேர்ந்ததும் பார்வையாளர் நிலையத்தில் பெயரைப் பதிந்து கொள்ள வேண்டும். சட்ட திட்டங்களை ஒரு படமாகக் காட்டுவார்கள். பிறகு, இருபுறமும் மூங்கில் கட்டிய நீண்ட படகில் ஏற்றுவார்கள். மேலே ஏறி நின்று நீரில் நிழலைத் தேடுகிறவர் ஒருவர். உங்களுடன் நீரில் இறங்குகிற அதிகாரி ஒருவர். ஒரு சுறாவுக்கு ஒரு படகு. நீரில் ஆறு பேருக்கு மேல் இறங்கக் கூடாது. தொடக் கூடாது, பாதையை மறிக்கக் கூடாது. தலைக்கும் உடம்புக்கும் பத்தடி, வாலுக்குப் பதின்மூன்றடி தள்ளியிருக்க வேண்டும். வெளிச்சம் அடிக்கும் படப் பெட்டிக்கு அனுமதி இல்லை. முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும்தான் உபகரணம். காற்றுக் குடுவையுடன் மூழ்கக் கூடாது. வெயிலுக்குப் பூசும் களிம்பை விட்டுவிட்டு முழுக்கைச் சட்டை போட்டுக் கொண்டால் கடலுக்கும் நல்லது.

ஒன்றை முன்பே சொல்லி விடுகிறோம். அங்கே தண்ணீர் படங்களில் காண்பது போல் பளிங்காக இராது. பச்சையாகக் கலங்கியிருக்கும். அந்தக் கலக்கம்தான் சுறாவின் ஆகாரம். ஆகாரமில்லாத தெளிந்த நீரில் அது ஏன் வரப் போகிறது? ஆகவே முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு, சட்டென்று, புள்ளியிட்ட ஒரு சுவர் கண்ணெதிரே நகர்ந்து போகும்.

குழந்தைகளுக்கு நீந்தத் தெரிந்திருப்பது அவசியம். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே, ஏதேனும் நீச்சல் குளத்தில் மூச்சுக் குழாயைக் கடித்துக் கொண்டு முகத்தை நீரில் வைத்துப் பழகட்டும். கடலில் முதன்முதலாகப் பழகுவது சரியல்ல. தலை சுற்றுகிறவர்கள் வைத்தியரைக் கேட்டு மாத்திரை எடுத்துச் செல்லலாம். நீரில் இறங்காத பாட்டி தாத்தாக்களுக்கு மாலையில் வேறொரு விருந்து இருக்கிறது. ஆற்றில் படகில் போனால், கரையோர மரங்களில் மின்மினிகள் கூட்டமாகச் சுடர்வதைப் பார்க்கலாம்.

மூன்று காலைப் பொழுதுகளையாவது கடலுக்கென்று ஒதுக்குங்கள். மூன்று நாளும் வரவில்லையானால்? குழந்தைகளுக்கு மனம் வாடும், வாடட்டும். 2009-ஆம் வருஷம் டொன்சோலுக்குப் பக்கத்தில் பிலார் என்னும் ஊரில், வாலில் கயிறு கட்டிக் கிடந்த சுமார் ஒன்றரை அடி நீளக் குட்டிச் சுறா ஒன்றை மீட்டு, ஆழக் கடலில் கொண்டு போய் விட்டார்கள். அது உயிருடன் இருந்தால் இன்னும் பருவம் அடைந்திராது. அந்தக் கதையைச் சொல்லுங்கள். வராத சுறா எங்கோ போய்க் கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குப் புரியும்.

கடல் கடந்து போக வசதியில்லாதவர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை. இந்த மீன் நம் பாரத தேசத்துக் கடலுக்கும் வருகிறது. குஜராத்தில் சௌராஷ்டிரக் கரையில், ஈரல் எண்ணெய்க்காகவும் மாமிச ஏற்றுமதிக்காகவும் ஒரு காலத்தில் இதை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். பீப்பாய்களைக் கட்டி மிதக்க விட்டுப் பிடித்ததால் இதற்குப் 'பேரல்' என்றே பெயர். மைக் பாண்டே 2000-ஆம் வருஷம் எடுத்த படம் இந்தக் கொலையை உலகுக்குக் காட்டிற்று. 2001-ஆம் வருஷம் இந்திய அரசாங்கம், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பை இந்த மீனுக்கும் அளித்தது. ஆனால் சட்டத்தால் மட்டும் வலை அறுபடுமா? 2004-ஆம் வருஷம் முதல் ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு கடற்கரை ஜனங்களிடம் எடுத்துச் சொன்னார்: இவள் பிரசவத்துக்குத் தாய் வீடு வரும் நம் பெண், வந்த பெண்ணை யாராவது கொல்வார்களா? பெயரையும் மாற்றினார்கள். 'வஹாலி' என்றால் செல்லம்.

அன்று முதல் வலையில் தவறி விழுந்த நூற்றுக்கணக்கான சுறாக்களை அந்த மீனவர்கள் தங்கள் வலையைத் தாங்களே அறுத்து விடுவித்திருக்கிறார்கள். அறுத்த வலைக்கு அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுக்கிறது. ஆனால் அந்த நாள் பாட்டையும் அன்றைய மீனையும் யார் கொடுப்பார்கள்? வலை அறுக்கிறவர்கள் டிக்கெட் வாங்கிக் கொண்டு பார்க்க வந்தவர்களல்ல. பெண்ணைப் புக்ககம் அனுப்பி வைப்பவர்கள் போல், அது நீருக்குள் மறைகிற வரையில் பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்புகிறார்கள்.