எந்த மீனைக் கேட்டீர்கள்?

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு தேடி வருவாள் மகள். அதைப் போலவே, முட்டையிடும் காலம் வந்ததும் தான் பிறந்த ஓடையைத் தேடி வரும் ஒரு மீன் உண்டு. அதன் பெயர் கோஹோ சால்மன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது வாஷிங்டன் மாநிலம். அந்த நாட்டின் தலைநகரமான வாஷிங்டன் வேறு, இது வேறு. இந்த மாநிலத்தில் சியாட்டில் என்ற பெரிய நகரம் இருக்கிறது. நகரத்துக்குள்ளும் நகரத்தைச் சுற்றியும் பல ஓடைகள் ஓடிக் கடலில் கலக்கின்றன.

இந்த ஓடைகளில்தான் கோஹோ பிறக்கிறது. ஓராண்டுக்கு மேல் நல்ல தண்ணீரில் வளர்கிறது. பிறகு கடலுக்குப் போய்விடுகிறது. அங்கே தின்று கொழுத்து, சுமார் மூன்று வயதில், அதே ஓடைக்குத் திரும்பி வருகிறது. முட்டையிடுகிறது. அதோடு அதன் ஆயுள் முடிகிறது. இது இயற்கை.

ஆனால் நடந்தது வேறு!

இலையுதிர் காலம். முதல் மழை கொட்டியது. கடலிலிருந்து கோஹோ மீன்கள் ஓடைக்குள் ஏறி வந்தன. சில மணி நேரந்தான். மீன்கள் தண்ணீருக்கு மேலே வந்து வாயைப் பிளந்தன. வட்டமிட்டுச் சுற்றின. நிலைதடுமாறிப் பக்கவாட்டில் சாய்ந்தன. துடிதுடித்துச் செத்தன. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால், முட்டை அத்தனையும் உள்ளேயே இருந்தது!

ஒரு வருடம் அல்ல, பல வருடங்கள் இப்படியே நடந்தது. சில ஓடைகளில், திரும்பி வந்த தாய் மீன்களில் பாதிக்கு மேல் முட்டையிடாமலே மடிந்தன.

கொலைகாரன் யார்?

சாலையிலிருந்து வந்த நஞ்சு

நோயா என்று பார்த்தார்கள். இல்லை. தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டதா என்று பார்த்தார்கள். அதுவும் இல்லை. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தா? அதுவும் பொருந்தவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மழை பெய்தால்தான் மீன் சாகிறது. வண்டிகள் நிறைய ஓடும் சாலைகளைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் எந்த ஓடையில் விழுகிறதோ, அந்த ஓடையில்தான் மீன் சாகிறது.

விஞ்ஞானிகள் அந்தச் சாலைத் தண்ணீரைப் பிடித்தார்கள். தொட்டியில் ஊற்றினார்கள். கோஹோவை விட்டார்கள். செத்தது. அதே தண்ணீரில் சம் சால்மன் என்ற மீனை விட்டார்கள். அது கோஹோவுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி, நெருங்கிய சொந்தம். அது சாகவில்லை! ஒன்றுமே நடக்காதது போல் நீந்திக்கொண்டிருந்தது.

ஒரே தண்ணீர், ஒரே குடும்பம். ஒன்றுக்கு எமன், மற்றொன்றுக்கு ஒன்றுமில்லை. இந்த இடத்தில்தான் எல்லோரும் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

நான்கு நாள் பரீட்சை

ஒரு ரசாயனம் மீனைக் கொல்லுமா, கொல்லாதா என்று அறிய உலகம் முழுவதும் ஒரு பரீட்சை நடத்துகிறார்கள். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் என்ற பன்னாட்டு அமைப்பு 1981-ல் இதற்கு விதிமுறை வகுத்தது. அதன் எண் 203. 1992-லும் 2019-லும் அதைத் திருத்தினார்கள்.

பரீட்சை எப்படி நடக்கிறது?

முதலில் மீன்களைச் சில நாட்கள் அதே மாதிரித் தண்ணீரில் வைத்துப் பழக்குகிறார்கள். பரீட்சைக்கு முந்தைய நாளிலிருந்து தீனி போடுவதில்லை. பிறகு தொட்டிகளை வரிசையாக வைக்கிறார்கள். லிட்டருக்கு முதல் தொட்டியில் 1 மில்லிகிராம் ரசாயனம் என்றால், அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4, பிறகு 8, பிறகு 16. இப்படி ஐந்து தொட்டிகள். ஆறாவது தொட்டியில் ரசாயனமே கிடையாது, வெறும் தண்ணீர்.

தொட்டிக்குக் குறைந்தது 7 மீன்கள். ஆக, ஒரு பரீட்சைக்கு 42 உயிர்கள்.

காவல் 96 மணி நேரம். அதாவது நான்கு நாள். ஒவ்வொரு நாளும் எத்தனை மீன் செத்தது என்று எண்ணுகிறார்கள். அசைவு இல்லாமல் கிடந்து, வாலடியைத் தொட்டாலும் துள்ளாவிட்டால், அது செத்த மீன் என்று கணக்கு.

ஆறாவது தொட்டி எதற்கு? அதுதான் சாட்சி! சுத்தமான தண்ணீரிலேயே மீன்கள் செத்தால், குற்றம் ரசாயனத்தினுடையது அல்ல, பரீட்சை நடத்தியவருடையது. அந்தப் பரீட்சை செல்லாது.

கடைசியில் ஓர் எண் கிடைக்கிறது. எந்த அளவு ரசாயனம் கலந்தால் நான்கு நாளில் பாதி மீன்கள் சாகுமோ, அதுதான் அந்த எண். விஞ்ஞானிகள் அதை எல்.சி.50 என்பார்கள். அந்த எண் சிறியதாக இருந்தால் நஞ்சு கொடியது. லிட்டருக்கு 1 மில்லிகிராமோ, அதற்கும் குறைவோ போதும் என்றால், அந்த ரசாயனம் நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடியவற்றின் வரிசையில் சேர்ந்துவிடும்.

நல்ல ஏற்பாடுதான். அதில் சந்தேகமில்லை. இந்தப் பரீட்சை இல்லாவிட்டால், எத்தனையோ கொடிய நஞ்சுகள் சத்தமில்லாமல் ஆற்றில் கலந்திருக்கும்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எந்த மீனைக் கேட்டீர்கள்?

ஒரு சோறு பதமா?

பரீட்சைக்கு எல்லா மீன்களையும் பிடித்து வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் சுலபமாக வளரும் மீன் சில உண்டு. வரிக்குதிரை மீன், கெண்டை, கப்பி, ஜப்பானிய மெடாக்கா, வானவில் டிரவுட் முதலியவை. இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அது பிழைத்தால், 'பாதகமில்லை' என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. சோற்றுக்கு அது சரி. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. மீன்கள் அப்படியா? சியாட்டில் ஓடையில் என்ன நடந்தது என்று மேலும் பாருங்கள்.

விஞ்ஞானிகளின் சந்தேகம் டயர் மேல் விழுந்தது. வண்டி ஓட ஓட டயர் தேய்கிறது. தேய்ந்த தூள் சாலையில் கிடக்கிறது. மழை வந்தால் ஓடைக்குப் போகிறது. அந்தத் தூளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீர் கோஹோவைக் கொன்றது.

அதில் இருந்த ரசாயனங்களோ 2,000-க்கு மேல்! இதில் கொலைகாரனை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியையும் கோஹோ குஞ்சுகளிடம் காட்டினார்கள். குஞ்சு சாகாத பகுதியைத் தள்ளிவிட்டார்கள். செத்த பகுதியை மறுபடியும் பிரித்தார்கள். வடிகட்டி, வடிகட்டி, கடைசியில் ஒரே ஒரு பொருள் மிஞ்சியது.

2020 டிசம்பரில் அதை உலகத்துக்கு அறிவித்தார்கள்.

டயரில் 6-பி.பி.டி. என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். அதைத் தடுப்பதற்காகத்தான் இது. ஓசோனோடு மோதி, இது தானே மாறிவிடுகிறது. அப்படி மாறிப் பிறக்கும் புதுப் பொருளுக்கு 6-பி.பி.டி. குவினோன் என்று பெயர். அதுதான் கொலைகாரன்! தொழிற்சாலையில் கலந்தது அப்பன். ஓடையில் கொன்றது மகன்.

எவ்வளவு இருந்தால் கோஹோ சாகும்? 2022-ல் திருத்திச் சொன்ன கணக்குப்படி, லிட்டருக்கு 95 நானோகிராம் போதும். இது எவ்வளவு என்று புரிய வேண்டுமா? பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஆயிரத்தை வரிசையாக நிறுத்துங்கள். அத்தனை தண்ணீரிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் போடுங்கள். பாதிக் கோஹோக் குஞ்சுகள் சாக ஏறக்குறைய அதுவே போதும்!

இதே நஞ்சை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2021-ல் வரிக்குதிரை மீனிடமும் மெடாக்காவிடமும் சோதித்தார்கள். இரண்டும் சாகவில்லை. அந்த இரண்டு மீன்களை மட்டும் கேட்டிருந்தால், 'இது சாது' என்று எழுதி ஏட்டை மூடியிருப்பார்கள். கோஹோவைக் கேட்டால் சில மணி நேரத்தில் பதில் கிடைக்கிறது.

பரீட்சை பொய் சொல்லவில்லை. கேட்ட மீன் தன்னைப் பற்றி மட்டும் உண்மை சொன்னது. அதை எல்லா மீன்களின் பதிலாக எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

நாள் கணக்கும் தப்பு

இன்னொரு குறையும் உண்டு. பரீட்சை நான்கு நாள். மீனின் வாழ்க்கை நான்கு நாளா?

டி.டி.டி.யின் கதை எல்லோருக்கும் பாடம். தண்ணீரில் அது மிகக் கொஞ்சம் இருந்தால் மீன் உடனே சாவதில்லை. ஆனால் அதன் கொழுப்பில் போய்த் தங்கிவிடுகிறது. அந்த மீன்களைத் தின்னும் பறவைகளின் உடம்பில் இன்னும் அதிகமாகச் சேர்கிறது. பறவை இடும் முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்துவிடுகிறது. ரேச்சல் கார்சன் என்ற பெண்மணி பூச்சிமருந்துகளின் ஆபத்தை 1962-ல் புத்தகமாக எழுதினார். பெருங்கூச்சல் எழுந்தது. பத்து வருடம் கழித்து, 1972-ல், அமெரிக்க அரசு வயல்களில் டி.டி.டி. அடிப்பதைத் தடை செய்தது.

நான்கு நாள் பரீட்சை இதைச் சொல்லுமா? சொல்லாது. அது உடனே கொல்லும் நஞ்சைக் காட்டும். மெல்லக் கொல்லும் நஞ்சைக் காட்டாது. முட்டை பொரியுமா, குஞ்சு வளருமா, சந்ததி தழைக்குமா என்பதற்கெல்லாம் நீண்ட காலப் பரீட்சை வேண்டும்.

டயர் வேண்டாமா?

'அதற்காக டயரே வேண்டாம் என்பதா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 6-பி.பி.டி. இல்லாத டயர் சீக்கிரம் வெடிப்பு விடும். ஓடும் வண்டியில் டயர் வெடித்தால் மனித உயிர் போகும். மீனுக்காக மனிதனைப் பலி கொடு என்று யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் யூரோக், புயல்லப் முதலிய மூன்று பழங்குடி மக்கள் 2023-ல் அரசிடம் முறையிட்டார்கள். சால்மன் அவர்களுக்கு வெறும் கறி அல்ல. சோறு, தொழில், தலைமுறை தலைமுறையாக வந்த வாழ்வு. அந்த மனுவை அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை அதே ஆண்டு நவம்பரில் ஏற்றுக்கொண்டது. டயரில் 6-பி.பி.டி.க்கு மாற்று தேட வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் அதே ஆண்டில் விதி கொண்டு வந்தது.

மாற்று கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. சாலைத் தண்ணீரை மணலும் மட்கிய உரமும் கலந்த படுகையில் வடியவிட்டு, பிறகு கோஹோவை விட்டுப் பார்த்தார்கள். மீன் பிழைத்தது! மண் நஞ்சைப் பிடித்துக்கொண்டது. சாலையோரத்தில் ஒரு வடிபடுகை அமைத்தால், ஓர் ஓடையின் மீன் குலம் பிழைக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

ஒரு புது ரசாயனம் கடைக்கு வருவதற்கு முன்பே பரீட்சை நடக்க வேண்டும். ஆற்றில் மீன் மிதந்த பிறகு அல்ல.

ஆய்வுக்கூடத்து மீனோடு நிற்கக் கூடாது. அந்த ரசாயனம் எந்த நாட்டு நீரில் போய்ச் சேருமோ, அந்த நாட்டு மீன்களையும் கேட்க வேண்டும்.

அப்பனை மட்டும் சோதித்தால் போதாது. மகனையும் சோதிக்க வேண்டும். வெயிலிலும் காற்றிலும் தண்ணீரிலும் அந்த ரசாயனம் என்னவாக மாறுகிறது என்று பார்க்க வேண்டும். டயருக்கு நாளை வரப்போகும் மாற்றுப் பொருளுக்கும் இதே விதிதான்.

இத்தனை பரீட்சைக்கும் மீன்களைக் கொன்று குவிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மீன் கருவை வைத்துச் சோதிக்கும் முறை 2013-ல் வந்துவிட்டது. மீனின் செவுளிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை வைத்துச் சோதிக்கும் முறைக்கு 2021-ல் பன்னாட்டு அங்கீகாரம் கிடைத்தது. முதல் சல்லடையாக இவற்றைப் பயன்படுத்தலாம். சந்தேகம் தீராத இடத்தில் மட்டும் உயிருள்ள மீனை நாடலாம்.

'சோதித்துப் பார்த்தோம், பயமில்லை' என்று யாராவது சொன்னால், மக்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்த மீன்? எத்தனை நாள்? மாறிய பொருளையும் பார்த்தீர்களா?

இந்தக் கேள்விகளைக் கேட்க விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. மீன் வாங்கப் போகும் தாய்மார்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. கடைக்காரர் 'நல்ல மீன்' என்று சொன்னால் மட்டும் நம்பிவிடுவதில்லை. ரசாயன விஷயத்திலும் அந்தப் புத்திசாலித்தனம் வேண்டும்.

பேச வாய் இல்லாத உயிர் மீன். அது தன் சாவினால்தான் பேசுகிறது. சியாட்டில் ஓடையில், வயிறு நிறைய முட்டையோடு செத்த தாய் மீன்கள் ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போயிருக்கின்றன. ஒரு மீன் பிழைத்ததைப் பார்த்து ஓடை முழுவதும் பிழைக்கும் என்று நம்பிவிடாதீர்கள் என்பதுதான் அந்தச் செய்தி.