கொஞ்சம் வெளிச்சம் மட்டும்தான் கூட்டினேன்

மக்களே, இந்தத் தடவை மொக்கை இல்லை. கொஞ்சம் சீரியஸான மேட்டர். நடுநடுவுல தொழில்நுட்ப ஜல்லியும் உண்டு, பொறுத்துக்கோங்க.

போன வருஷக் கடைசியில, காலேஜ் ஜூனியர்ஸ் நாலு பேர் சேர்ந்து நடத்துற ஒரு பேண்டுக்காக ஒரு பாப் இசைப் பத்திரிகை வடிவமைச்சுக் கொடுத்தேன். பத்திரிகைன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. ஏ4 சைஸ்ல 16 பக்கம், நடுவுல ரெண்டு பின், 200 பிரதி, அவ்ளோதான். கச்சேரிக்கு வர்றவங்க கையில கொடுக்குறதுக்கு. சினிமாவுக்கு வெளியில, சொந்தமா எழுதி மெட்டுப் போட்டுப் பாடுற பசங்களைப் பத்தி யாராவது எழுதுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கிறதை விட நாமளே போட்டுடலாம்னு கிளம்பினோம்.

பகல்ல ஜாவா கோட் அடிக்கிறவன் ராத்திரியில டிசைனர் ஆனான்னு சுயபுராணம் பாட வரலை. அதுல நான் பண்ணின ஒரு தப்பையும், அதுலேருந்து எனக்குக் கிடைச்ச ஒரு கருத்தையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

*

முதல்ல வேலை எப்படி நடக்கும்னு சொல்லிடறேன். படத்துக்கு போட்டோஷாப், பக்கத்துக்கு இன்டிசைன். பல பேர் எல்லாத்தையும் போட்டோஷாப்லயே முடிச்சு ஜேபெக்கா சேமிச்சு பிரஸ்ஸுக்கு அனுப்பிடுவாங்க. எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாகி, சின்ன எழுத்து மங்கலா வந்து நிக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருள்ல எழுத்து எழுத்தாவே இருக்கும், எவ்வளவு சின்னதா போட்டாலும் கூர்மையா விழும். பக்க எண்ணிக்கை நாலின் மடங்குல இருக்கணும், இல்லைன்னா நடுவுல பின் அடிக்க முடியாது. பக்கத்தோட விளிம்பு வரைக்கும் போற படத்தை 3 மில்லிமீட்டர் வெளியில நீட்டி விடணும், இல்லைன்னா வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். படம் 300 டிபிஐ.

இதெல்லாம் யூட்யூப் பார்த்தாலே வந்துடும். நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். அட்டையில பாடகியோட தலை பத்திரிகைப் பேரைக் கொஞ்சம் மறைக்கிற மாதிரி வச்சேன். பெரிய பத்திரிகைக்காரங்க எல்லாரும் பண்ற வேலைதான், ஆனா நம்ம கையால செஞ்சு பார்க்கும்போது ஒரு கிக் இருக்கு பாருங்க! இடது பக்கம் தலைப்புகள், வலது பக்கம் முகம். பார்த்துப் பார்த்து ராத்திரி ரெண்டு மணிக்கு முடிச்சு, பிடிஎஃப்பை குரூப்ல போட்டேன். 'செம', 'வேற லெவல்'னு ஒரே பாராட்டு.

மறுநாள் மதியம் பாடகிகிட்ட இருந்து தனியா ஒரு மெசேஜ்.

"அண்ணா, அட்டையில இருக்கிறது யாருண்ணா?"

கலாய்க்கிறான்னு நினைச்சு ஒரு ஸ்மைலி போட்டேன். அடுத்தது வந்துச்சு.

"எங்கம்மாவுக்குக் காமிச்சேன். இப்பத்தான்டி லட்சணமா இருக்கேன்னு ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. அதான் ஒரு மாதிரி இருக்கு."

*

அவ நிறம் கருப்பு. மொட்டை மாடியில சாயங்கால வெளிச்சத்துல எடுத்த படம். போட்டோஷாப்ல திறந்ததும் என் கை தானா கர்வ்ஸ் லேயரைப் போட்டு, நடுப்பகுதியை மேல தூக்கி, முகத்துக்கு மட்டும் மாஸ்க் வரைஞ்சிருக்கு. 'வெள்ளையாக்கணும்'னு நான் நினைக்கவே இல்லை, சத்தியமா. கொஞ்சம் வெளிச்சம் மட்டும்தான் கூட்டினேன்னு அவகிட்டயும் சொன்னேன்.

சொல்லிட்டு ஃபைலைத் திறந்து பார்த்தேன். அந்த லேயருக்கு நான் வச்சிருந்த பேரு 'ஸ்கின் ஃபிக்ஸ்'. எட்டு மணி நேரம் பக் ஃபிக்ஸ் பண்ற புத்தி. சரி, ஃபிக்ஸ்னா பக் எங்க? அவ முகமா பக்?

இன்னும் ஒண்ணு கவனிச்சேன். ட்ரம்ஸ் வாசிக்கிற பையனும் கிட்டத்தட்ட அதே நிறம்தான். அவன் படம் 6ஆம் பக்கத்துல முழுசா இருக்கு. அந்த ஃபைல்ல அப்படி ஒரு லேயரே இல்லை. அவனை மட்டும் 'கெத்தா இருக்கான்'னு அப்படியே விட்டிருக்கேன்.

அதுக்கு மேல எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை.

*

'பாஸ், பிரிண்ட்ல கருப்பா வந்துடும், அதனால கொஞ்சம் ஏத்தித்தான் வைக்கணும்'னு ஒரு சமாதானம் உண்டு. நானும் முதல்ல அதைத்தான் பிடிச்சுக்கிட்டேன். அதுல பாதி உண்மை இருக்கு, அதான் ஆபத்து. மேப்லித்தோ மாதிரி வழவழப்பு இல்லாத பேப்பர் மையை உறிஞ்சும், புள்ளிகள் பெருத்துடும், அடர்த்தியான இடமெல்லாம் ஒண்ணா அடைச்சுக்கிட்டு விவரம் போயிடும். அதுக்கு மருந்து இருக்கு. பிரஸ்காரர்கிட்ட எந்தப் பேப்பர்னு கேட்டு, அதுக்கேத்த சிஎம்ஒய்கே புரொஃபைலை வச்சு, கண்ட்ரோல்-ஒய் அமுக்கித் திரையிலயே ஒத்திகை பார்க்கலாம். அடைச்சுக்கப் போற நிழலை மட்டும், தாடைக்குக் கீழ, முடி ஓரத்துல, கொஞ்சம் திறந்து விடலாம். அது முழுப் படத்துக்கும், எல்லார் படத்துக்கும் ஒரே மாதிரி நடக்கிற வேலை. முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு நடுப்பகுதியைத் தூக்குறது அந்த வேலை இல்லை. முதல்ல சொன்னது, அவ எப்படி இருக்காளோ அப்படியே பேப்பர்ல வரணும்னு பண்றது. நான் பண்ணினது அவளையே மாத்துறது. ரெண்டுக்கும் ஒரே டூல்தான், அதனாலதான் ஏமாந்துடறோம்.

டூல் மேல மட்டும் பழி போடவும் முடியாது, டூல் ரொம்ப அப்பாவின்னும் சொல்ல முடியாது. போட்டோஷாப் 1990ல வெளிவந்துச்சு. அதுக்கு முன்னாடி நோல் சகோதரர்கள் அதை ஆட்களுக்குச் செஞ்சு காட்டப் பயன்படுத்தின படம், 1987ல ஜான் நோல் தன் காதலியை போரா போரா கடற்கரையில எடுத்தது. கடலைப் பார்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு பொண்ணு. அந்தப் படத்தை வெட்டி, நகலெடுத்து, பெருசாக்கித்தான் மென்பொருளோட வித்தையைக் காட்டினாங்க. ஃபிலிம் காலத்துக் கதை இன்னும் மோசம். 1950கள்ல இருந்து லேபுகள்ல கலர் சரியா இருக்கான்னு பார்க்க கோடாக் கொடுத்தது 'ஷெர்லி கார்டு'. அதுல இருந்தது வெள்ளைக்காரப் பொண்ணு. அவ முகம் சரியா வந்தா மிஷின் சரி. பழுப்பு நிறங்கள் ஃபிலிம்ல ஒழுங்கா விழலைன்னு புகார் சொல்லி மாற்றத்துக்குக் காரணமா இருந்தவங்கள்ல சாக்லேட் கம்பெனிகளும் மர சாமான் கம்பெனிகளும் உண்டு. மனுஷ முகத்தை விட மேஜைக்கு மவுசு!

நிறத்தைக் கூட்டிக் குறைக்கிறது வெறும் தொழில்நுட்பம்னு இன்னும் நினைச்சா, 1994 ஜூன் மாசக் கதையைப் பாருங்க. ஓ.ஜே. சிம்ப்சனோட போலீஸ் படத்தை 'டைம்', 'நியூஸ்வீக்' ரெண்டும் ஒரே வாரம் அட்டையில போட்டாங்க. ஒரே படம். 'நியூஸ்வீக்' அப்படியே போட்டுச்சு. 'டைம்' கருமையைக் கூட்டிப் போட்டுச்சு. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தவங்களுக்கு எந்த வியாக்கியானமும் தேவைப்படலை. கண்டனம் குவிஞ்சுது.

பாப் இசைக்கே வருவோம். 2017 அக்டோபர்ல லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழோட இணைப்பு இதழ் அட்டையில பாடகி சொலாஞ். தலைக்கு மேல வட்டமா, கிரீடம் மாதிரி பின்னல். அந்தப் பின்னலை அழிச்சுட்டு அட்டை போட்டாங்க. அதே இதழ்ல உள்ள வந்த பேட்டியில அவங்க பேசினதே பின்னல் தனக்கு எவ்வளவு முக்கியம்னுதான்! அதுக்கு முந்தின வருஷம்தான் 'என் தலைமுடியைத் தொடாதே'ங்கிற பொருள்ல ஒரு பாட்டையே வெளியிட்டிருந்தாங்க. பத்திரிகை அப்புறம் மன்னிப்புக் கேட்டுச்சு. பக்க அமைப்புக்காகப் பண்ணினது, தப்பான முடிவுன்னு விளக்கம்.

பக்க அமைப்புக்காக! அதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வரலை. என் 'கொஞ்சம் வெளிச்ச'மும் அதே குடும்பம்தானே.

*

'பாப்புன்னாலே வேஷம்தானப்பா, அதுல என்ன பெரிய நிஜம்?'னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. 1973ல 'அலாடின் சேன்' அட்டைக்காக டேவிட் போவி முகத்துல மின்னல் வரைஞ்சுக்கிட்டு நின்னாரு. யாரும் தப்புன்னு சொல்லலை, சொல்லவும் கூடாது. ஏன்னா அது அவரா போட்டுக்கிட்ட வேஷம். எங்க பாடகி முகத்துல பச்சை நிறம் அடிக்கணும்னு கேட்டிருந்தா, ராத்திரி முழுக்க உட்கார்ந்து அடிச்சுக் கொடுத்திருப்பேன். அவளுக்குத் தெரியாம, ராத்திரி ரெண்டு மணிக்கு, அவளைக் கேட்காம நான் போட்டுவிட்டது வேஷம் இல்லை, தீர்ப்பு.

நம்ம ஊர் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்க. பொண்ணு முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020ல பேரை 'க்ளோ அண்ட் லவ்லி'ன்னு மாத்திக்கிச்சு. ட்யூப்ல பேரு மாறிடுச்சு. நம்ம மவுஸ் பிடிக்கிற கையில மாறலை. ஒரு சின்னப் பத்திரிகை, காசு வாங்காம, விளம்பரம் இல்லாம, யாருக்கும் பயப்படாமப் போடறது. அதுலயும் இதையே பண்ணினா அப்புறம் எதுக்குத் தனியா ஒரு பத்திரிகை?

அதனால எனக்கு நானே மூணு விதி வச்சிருக்கேன்.

1. ரெண்டு வாரத்துல தானா போயிடுறதை (பரு, கீறல்) எடுக்கலாம். கூடவே இருக்கிறதை (நிறம், மச்சம், தழும்பு, முடி) தொடக்கூடாது.

2. ஒருத்தர் படத்துக்குப் போடற லேயர், அந்த இதழ்ல இருக்கிற எல்லார் படத்துக்கும் போடறதா இருந்தா மட்டும் போடணும்.

3. முன், பின் ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சு, படத்துல இருக்கிறவங்களுக்கு அனுப்பிட்டுத்தான் பிரஸ்ஸுக்குப் போகணும்.

படம் எடுக்கும்போதே வெளிச்சத்தைப் பார்த்துக்கிட்டா பாதி வேலை மிச்சம்ங்கிறது கொசுறு. மறுபடியும் அதே மொட்டை மாடி, ஒரு பக்கம் தெர்மாகோல் அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நான் நின்னேன். ட்ரம்ஸ் பையன் எடுத்தான். முகத்து மேல நல்ல வெளிச்சம், நிறம் அப்படியே. அதுதான் அட்டையில வந்துச்சு. கர்வ்ஸ் இல்லை, மாஸ்க் இல்லை. 200 பிரதியும் ஒரே ராத்திரியில காலி.

அவங்கம்மா அச்சான பத்திரிகையைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, "முதல்ல வந்த படமே நல்லா இருந்துச்சே தம்பி, ஏன் மாத்தினீங்க?"ன்னு என்கிட்டயே கேட்டாங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன். பொண்ணுதான் "அது நான் இல்லம்மா"ன்னு சொல்லிட்டுப் பாடப் போயிட்டா.

டிஸ்கி: உங்க பதிவோட முகப்புல உங்க படம் போட்டிருக்கீங்களா? அதையும் ஒரு தடவை பெருசாக்கிப் பாருங்க. நான் என்னோடதைப் பார்த்தேன். அங்கயும் கொஞ்சம் வெளிச்சம் மட்டும்தான் கூட்டியிருந்தேன் :-(