உங்கள் பட்டணம்



'சிவிலைசேஷன்' என்னும் கணினி விளையாட்டை உங்கள் வாலிபப் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள். 1991-ஆம் ஆண்டு வெளிவந்தது. கி.மு. 4000-இல், குடியேறுவோர் கூட்டம் ஒன்றோடு ஆட்டம் தொடங்குகிறது. ஆறும் விளைநிலமும் அருகிலிருந்தால் நகரம் செழிக்கும். பாலைநிலம் வாய்த்தால் வளர்ச்சி குன்றும். வரைபடம் ஆட்டந்தோறும் புதிதாக அமைவதால், இடம் பிடிக்காதவர் ஆட்டத்தைக் கலைத்துவிட்டு வேறு வரைபடம் தேடுவார். 2016-இல் வந்த ஆறாம் பதிப்பில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. ஓயாமல் கலைப்பவரோ ஒரு நகரத்தையும் கட்டி முடிப்பதில்லை.

விளையாட்டில் அதனால் நஷ்டமில்லை. ஜீவியத்தில்? பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம், வேலையையும் வீட்டையும் சபையையும் மாற்றிக்கொண்டே, "நல்ல இடம் அமையட்டும், பிறகு ஊழியம் செய்வோம்" என்கிறோம். வருஷங்கள் கழிகின்றன, பக்கத்து வீட்டாரின் பெயரும் நமக்குத் தெரியாது.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களும் சீக்கிரம் திரும்புவோம் என்று நம்பினார்கள். கர்த்தரோ எரேமியாவின் நிருபத்தின் மூலம், 70 வருஷம் ஆகும் என்றார். அங்கேயே வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், அந்தப் பட்டணத்துக்காக ஜெபிக்கவும் கட்டளையிட்டார் (எரேமியா 29). அவர்கள் அந்த இடத்தைத் தெரிந்துகொள்ளவில்லை. ஆயினும் தேவன் அங்கேயும் இருந்தார்.

அவர் போகச் சொன்னால் புறப்படுங்கள். அதுவரை, இன்றிரவு குடும்ப ஜெபத்தில் உங்கள் தெருவின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.